கடல்வீட்டுப் படத்தின் முடிவு

லீட்ஸ், இங்கிலாந்து
10.1.1988

அன்புள்ள அக்கா பஞ்சாலைக்கு,

உன் தங்கை செல்லம் எழுதுகிறேன். பாதி பனியிலும் பாதி வேலையிலுமாக நலமாகவே இருக்கிறேன். இந்தக் கடிதம் லாபு வந்து சேர்வதற்குள் பொங்கல் முடிந்திருக்கும். நீயும் மாமாவும் கஸ்தூரியும் சுகமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

ஒரு சேதி. நேற்று வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வீடியோ கடைக் கண்ணாடியில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். கறுப்பு வெள்ளை. பாறை மேல் ஒரு வீடு, வாசலில் ஒரு பெண், படியில் தொப்பி போட்ட ஒருவன். பார்த்ததும் நின்றுவிட்டேன். நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடலில் திரை கட்டிப் போட்டார்களே, மாமா மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொன்னாரே, அந்தக் கடல்வீட்டுப் படம். இந்த ஊரில் அந்தக் காலத்தில் பெரிய பேர் வாங்கிய மர்மப் படமாம். இப்போதுதான் வீடியோ கேசட்டாக வந்திருக்கிறது. என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரிகளுக்கு வாரம் முழுக்க இதே பேச்சு.

மாமாவிடம் சொல். வேண்டுமென்றால் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். கஸ்தூரிக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் செல்லம்


கிராணி வீடு, லாபு தோட்டம், மலேசியா
6.2.1988

அன்புத் தங்கை செல்லத்துக்கு,

அக்கா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தைப் பற்றி நீ எழுதுவதில் பாதியைத்தான் நம்புகிறேன். தைலம் தீர்ந்துவிட்டது, வலி தீரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உன் மாமாவுக்கு வந்த சுறுசுறுப்பை நீ பார்த்திருக்க வேண்டும். கஸ்தூரி எத்தனை வருஷமாக வீடியோ மிஷின் கேட்கிறாள். "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அந்தச் சனிக்கிழமையே சிரம்பானுக்கு பஸ் ஏறிப் போய் மிஷினோடு வந்து இறங்கினார். போன இடத்தில் தெமியாங் பக்கத்து வீடியோ கடையிலும் விசாரித்தாராம். கடைக்காரன் அந்தப் படம் கிடையாது என்று சொல்லிவிட்டு ஒரு மலாய்ப் பேய்ப்படத்தை நீட்டினானாம்.

பெற்ற பிள்ளைக்கு அசையாதவர் நீ ஒரு வரி எழுதியதும் அசைகிறார். கடிதம் என் பேருக்கு வந்தது, படம் மட்டும் மாமாவுக்கா? வேடிக்கைக்குத்தான் சொல்கிறேன். ஆனாலும் கொஞ்சம் எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தை நான் மறப்பேனா? அதற்கு அடுத்த வருஷம்தானே எங்கள் கல்யாணம். சண்டையில் செத்துவிட்டதாகச் சொன்ன புருஷன் திரும்பி வருகிறான். முகமெல்லாம் தழும்பு. பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. கடைசியில் அவன் சொந்தப் புருஷன்தான் என்று தெரிந்துபோகிறது. பட்டாளத்துப் பதக்கம் கொடுக்கப் போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிப் போகிறார்கள். அந்த இடத்தில் உன் மாமா குரலைத் தாழ்த்தி, "சிரிக்கிறா பாருங்க, சந்தோசத்துல தோளு குலுங்குது பாருங்க" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வீடு எப்படி இருந்தது, அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்வேன்.

அனுப்பு. என் பேருக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா பஞ்சாலை


லீட்ஸ்
28.2.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருந்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நீட்டிப் பழகு. தைலம் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன்.

கேசட் வாங்கிவிட்டேன். உன் பேருக்குத்தான் அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் மிஷின் கிடையாது. அதனால் மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல் அப்படியே பார்சல் கட்டினேன். கட்டும்போது அட்டையில் இருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. வந்தவன் தன் புருஷன் இல்லை என்று முதல் நாளே தெரிந்தும் ஊர் வாய்க்குப் பயந்து ஒரே வீட்டில் இருந்தாளே. இருந்து இருந்து அவன் மேலேயே ஆசை வைத்தும்விட்டாள். போலீஸ் அவனைக் கொண்டுபோகும்போது அழாமல் என்ன செய்வாள்?

இங்கே பனி விட்டபாடில்லை. மாமாவின் கிராணி வேலை, ஆபீஸ் கணக்கெல்லாம் எப்படி? கஸ்தூரியை நன்றாகப் படிக்கச் சொல்.

உன் அன்புத் தங்கை,
செல்லம்


லாபு
27.3.1988

செல்லத்துக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் முதலில் வந்தது. புருஷன் இல்லை, அழுதாள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். இவளுக்கு வயதாகிவிட்டது, வேறு ஏதோ படத்தோடு குழப்பிக்கொண்டாள் என்று சிரித்துக்கொண்டேன். பிறகு பார்சல் வந்தது. உன் மாமா ஆபீஸில் இருந்தார். கஸ்தூரி கண்ணாடித்தாளைக் கிழித்து மிஷினில் போட்டாள். நானும் அவளும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம்.

புதுப் படம் பார்ப்பது மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய வீடு என்று எனக்குத் தெரியவே தெரியாது. கஸ்தூரி இங்கிலீஷைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். கடைசியில் போலீஸ் வந்தபோது நான், "மெடல் குடுக்க வந்திருக்காங்க" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா சொல்றீங்க, கையில வெலங்கு மாட்டுறாங்க லா. அவன் அவ புருசனையே கொன்னவன்" என்றாள். முதுகைக் காட்டி நிற்கிற அந்தப் பெண்ணின் தோள் குலுங்குகிறது. பிறகு ஒரு கணம் முகம் தெரிகிறது. கண்ணீர் கொட்டுகிறது.

ஆக, உன் மாமா மைக்கில் சொன்னது முழுப் பொய். தோட்டமே நம்பியது. நானும் நம்பினேன், கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாக அதே முடிவை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கஸ்தூரிக்குத் தூக்கம் வர அந்தக் கதையைச் சொல்வார். அப்போதும் பதக்கம்தான்.

நீ கேசட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடித்தாள் பிரியாமல் வந்தது. அன்றைக்குத் திடலில் உனக்கும் இங்கிலீஷ் தெரியாது. உண்மையான முடிவு உனக்கு எப்படித் தெரிந்தது?

பார்சல் வந்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. என் இரும்புப் பெட்டியில் கூறைச்சேலைக்கு அடியில் இருக்கிறது. தினமும் தபால்காரனை நிறுத்திக் கேட்கிறார். கேட்கட்டும்.

பஞ்சாலை


லீட்ஸ்
17.4.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம், நீளமாக எழுத நேரமில்லை.

நீ கேட்டது ஒரு பெரிய விஷயமா? கேசட் அட்டையின் பின்பக்கம் கதை அச்சடித்திருக்கிறது. அதில் படித்திருப்பேன். பாவம் மாமா, கேசட்டைக் கொடுத்துவிடு.

சித்திரை வருஷப் பிறப்புக்கு என்ன சமைத்தாய்? இந்த ஊரில் மாங்காய் கிடைக்கவில்லை.

செல்லம்


லாபு
4.5.1988

செல்லத்துக்கு,

சமைத்தது என்னவென்று பிறகு எழுதுகிறேன்.

அட்டையின் பின்பக்கத்தைக் கஸ்தூரியை வைத்து வரிவரியாகப் படித்துவிட்டேன். "வந்தவன் அவள் கணவன்தானா? கடைசி நிமிடம் வரை உங்களால் கண்டுபிடிக்க முடியாது" என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான். மர்மப் படத்தின் முடிவை அட்டையில் போட்டு விற்க வெள்ளைக்காரனுக்கு என்ன பைத்தியமா? நீ என்னிடம் பொய் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்து யோசித்திருக்கலாம்.

அவர்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் அது தெரியாது. படத்தைக் கொண்டுவந்த வேன்காரன் அன்றைக்கே சிரம்பானுக்குப் போய்விட்டான். துரை பங்களாவுக்கும் நமக்கும் என்ன பேச்சு?

எப்போது சொன்னார்? எங்கே வைத்துச் சொன்னார்? கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? ஊருக்கும் எனக்கும் ஒரு முடிவு, உனக்கு மட்டும் உண்மையான முடிவு. சேலை கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வயிறு எரியாது, செல்லம். ஒரு மனுஷன் யாரிடம் உண்மையைச் சொல்கிறானோ அவள்தானே அவனுக்குக் கிட்ட இருப்பவள்? நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு தோட்டத்துச் சனத்தோடு சனமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இங்கிலாந்து போனதும், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டதும், ஒரு தடவைகூட ஊருக்கு வராததும் எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிகிறது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் பதில் வந்த பிறகுதான் அவரிடம் கேட்பேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறீர்களா என்று பார்க்க வேண்டும்.

பஞ்சாலை


லாபு
25.6.1988

செல்லத்துக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுது. கோபம் இருந்தாலும் கவலையும் இருக்கிறது, நீ என் தங்கைதானே.

லயத்து வீடுகளில் எல்லாரும் கேட்கிறார்கள். போன வாரம் வள்ளியம்மா பால் வெட்டிவிட்டு வரும் வழியில் வாசலில் நின்று, "கிராணியம்மா, கடலூட்டுப் படம் சீமையில இருந்து வருதாமே, எப்ப போடுவீங்க?" என்றாள். உன் மாமா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சாயந்தரமானால் மிஷினைத் துடைக்கிறார். நான் அடுப்படியில் இருந்து பார்க்கிறேன். யாரை நினைத்துத் துடைக்கிறார் என்று தோன்றுகிறது.

எழுதுகிறாயா, இல்லையா?

பஞ்சாலை


லீட்ஸ்
12.7.1988

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் கடிதங்கள் இரண்டும் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தன. பதில் எழுதாதது என் தப்பு.

அவர்தான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால். படம் போட்ட மறுநாள் காலை. நான் அப்போது ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உனக்கு நினைவிருக்கும். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மரத்துக்குப் போன பிறகு பால் டின் வாங்க ஆபீஸ் ஜன்னலுக்குப் போவேன். இரவு பெய்த மழையில் வாசலெல்லாம் சேறு. அவர் நீலக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். காதில் பென்சில் செருகியிருந்தார். நான், "அந்தப் பொம்பள அழுவுறா, நீங்க சிரிக்கிறான்னு சொன்னீங்க" என்றேன். அவர் டின்னை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ ஒருத்திதான் படத்தப் பாத்திருக்க. மத்தவங்கல்லாம் நான் சொன்னதத்தான் பாத்தாங்க" என்றார். பிறகு உண்மைக் கதையை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை.

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்கு ஏதோ சொன்னார். நினைவில்லை.

அவ்வளவுதான் அக்கா. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டேன். கேசட்டைக் கொடுத்துவிடு.

உன் தங்கை,
செல்லம்


லாபு
21.8.1988

அன்புத் தங்கை செல்லத்துக்கு,

நான் நலம், முழங்காலும் பரவாயில்லை. நீ நலமாக இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை மனசாரவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. சட்டைக் கோடு நினைவிருக்கிறது, பென்சில் நினைவிருக்கிறது, சேறு நினைவிருக்கிறது. அவர் சொன்ன காரணம் மட்டும் நினைவில்லையாம். படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடித்தாள் இல்லாததைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார். கூடம் கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் வள்ளியம்மா பாய் போட்டு உட்கார்ந்துவிட்டாள். படம் தொடங்கி இங்கிலீஷ் பேச்சு வந்ததும், "கிராணி, வாயத் தொறங்க லா, எங்களுக்கு இந்தப் பாஷ எங்க தெரியும்?" என்றாள். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தார். தலை நரைத்திருக்கிறது, குரல் நரைக்கவில்லை. அதே கதை, ஒரு சொல் மாறவில்லை. எனக்குத்தான் படம் தெரிந்த படமாயிற்றே, நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்தது. "மெடல் குடுக்க வந்துட்டாங்க" என்றார். கஸ்தூரி, "அப்பா, அது வந்து..." என்று தொடங்கினாள். நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். ஏன் கிள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் டிவியை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்து, "சிரிக்கிறா பாருங்க, சந்தோசத்துல தோளு குலுங்குது பாருங்க" என்றார். வள்ளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புருசன் வந்துட்டான்ல, அது போதும்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் துடைத்து வைத்தார். அப்போதுதான் கேட்டேன். "எல்லாந் தெரிஞ்சுபோச்சு. செல்லத்துக்கிட்ட நெசத்தச் சொன்னீங்க, எனக்கு ஏன் பொய்யச் சொன்னீங்க?" என்றேன். அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது கேட்டுச்சு, சொன்னேன். அன்னைக்குத் திடலுல, மைக்குக்கு நேரா ஒருத்தி உக்காந்திருந்தா. படத்தப் பாக்கல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா, வாயெல்லாம் பல்லு. அவ மொகத்தப் பாத்துக்கிட்டு அந்தப் பொம்பள அழுவுறான்னு எனக்குச் சொல்ல வரல. சிரிக்கிறான்னு வந்துருச்சு. அப்பறம் மெடல் கதைய நான்தான் கட்ட வேண்டியதாப் போச்சு."

செல்லம், அது உண்மை. நான் அன்றைக்குப் படத்தைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் வீடு தெரியவில்லை, அவள் உடுத்தியது தெரியவில்லை, அழுதது தெரியவில்லை. கோப்பை கைநழுவி விழுந்து உடைந்தது. அவர் கூட்டி அள்ளினார்.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஆளுக்குத் தகுந்த முடிவு சொல்லுகிற மனுஷன் அவர். இதுவும் என் முகத்தைப் பார்த்துக் கட்டிய இன்னொரு நல்ல முடிவாக இருந்தால்? எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. நிஜம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அன்று ஜன்னலில் அவர் சொன்ன காரணம் நினைவுக்கு வந்தால் எழுது. வராவிட்டால் விடு, நான் இதையே வைத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு வருகிறாயா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் அக்கா,
பஞ்சாலை


லீட்ஸ்
11.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், முடிக்க இத்தனை நாளாயிற்று.

நினைவில்லை என்று எழுதினேனே, அதுவும் கேசட் அட்டையில் படித்தேன் என்று சொன்ன பொய் மாதிரிதான். நினைவிருக்கிறது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கீழே பார்த்துக்கொண்டு, "உங்கக்கா என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அத அழ வைக்க மனசு வரல" என்றார். நான் பால் டின்னை வாங்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போனேன். பிள்ளைகள் பசியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும்தான் படத்தைப் பார்த்தேன் என்று அவர் சொன்னது சரிதான். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மேல் வயிறெரிந்து நீ எழுதிய கடிதங்கள் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தன என்று சொன்னேன். அவற்றை நான் திரும்பத் திரும்பப் படித்தேன் அக்கா. என்னைப் பார்த்து நீ பொறாமைப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. அதை விட மனமில்லாமல்தான் இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. இத்தனை வருஷமாக நான் உன்னைப் பார்த்துப் பட்டதை நீ கொஞ்சம் படட்டும் என்றும் நினைத்தேன்.

தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருகிறேன். வந்தால் எனக்கு அந்தப் படத்தைப் போட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடு. தைலம் கையோடு கொண்டுவருகிறேன், முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
செல்லம்